ஜன்னல் கம்பியில் வைத்த கை

தம்பி,

போன வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் ஒருவர் காய்ந்த வேர்களைக் கோணியில் பரப்பி வைத்திருந்தார். "புத்தி கலங்கினவங்களுக்கு அரைச்சுக் குடும்மா, அடங்கிடுவாங்க" என்று ஒன்றை எடுத்து நீட்டினார். காய்கறிகூட வாங்காமல் ரோட்டுக்கு வந்துவிட்டேன்.

அதே வேர்தானே உன் ஆராய்ச்சி. தாம்பரத்தில் எங்களோடு தங்கி, காலை மின்சார ரயிலில் பல்கலைக்கழகத்துக்குப் போவாய். வேரிலிருந்து எடுத்த மருந்து மூளையை என்ன செய்கிறது என்று எலிகளுக்கு ஊசி போட்டுப் பார்ப்பாய். நான் ஐந்தாம் வகுப்போடு சரி. எனக்கும் புரிகிறமாதிரி சொல்வாய்: "மருந்து ஏறின எலியோட முன்னங்காலைத் தூக்கி ஒரு கம்பி மேல வெச்சா, அப்படியே நிக்கும் அக்கா. எடுக்கணும்னே தோணாது." உன் மாமா விடுவாரா? "எலிக்கு ஊசி போடுறவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காபி டம்ளரை வாய்வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டாய். குடிக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. காபி ஆறி ஆடை கட்டியது. கண்ணிமை பாதி இறங்கியிருந்தது.

"டேய், நீ அதைச் சாப்பிட்டியா?"

"உள்ளே எப்படி இருக்குன்னு எலி வாயைத் திறந்து சொல்லுமா அக்கா? நான் சொல்லுவேன்ல." மூக்கடைத்த குரல்.

"எப்படி இருக்கு, சொல்லு."

"ஒண்ணுமே வேணாம்போல இருக்கு."

கோபமாகவோ அழுதோ எதையாவது சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒன்றுமே வேண்டாம் என்கிறவனை என்ன செய்வது?

அன்றிலிருந்து, நீ கிளம்பும் முன் உன் கையைத் தூக்கி ஜன்னல் கம்பியில் வைப்பேன். உடனே எடுத்தால்தான் சாப்பாட்டுத் தூக்கு கைக்கு வரும். "நான் என்ன எலியா?" என்று சிரிப்பாய். ஒரு நாள் சிரிக்கவில்லை. கை அங்கேயே இருந்தது. நான் அழுதது உன் காதில் விழுந்ததோ இல்லையோ. "உன் ஆராய்ச்சி சார்கிட்டயே போய்ச் சொல்றேன்" என்று செருப்பை மாட்டினேன். அப்போதுதான் கை இறங்கியது.

"சொன்னா என்னை வெளியே அனுப்பிடுவாங்க அக்கா. விட்டுடறேன்."

நம்பினேன். ஆனாலும் தினமும் கையை வைத்துப் பார்ப்பதை விடவில்லை.

டாக்டர் பட்டம் வாங்கினாய். அதே இடத்தில் வாத்தியாரும் ஆனாய். போன மாதம் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதே விழுந்தாய். மாரடைப்பு என்றார்கள். துக்கத்துக்கு வந்த உன் சாரிடம் அன்றுதான் எல்லாம் சொன்னேன். "அந்த மருந்து உடம்பை விட்டு எப்பவோ போயிருக்கும்மா. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்றார். படித்தவர் சொல்கிறார், நம்புகிறேன். பயம்தான் நம்பமாட்டேன் என்கிறது.

இப்போதெல்லாம் வீட்டில் யாராவது சும்மா உட்கார்ந்திருந்தால் கூப்பிட்டுப் பார்க்கிறேன். "என்ன?" என்று எரிந்து விழுந்தால்தான் அடுப்படிக்குத் திரும்புவேன். நேற்று உன் மாமா கத்தியே விட்டார்: "மனுஷனை ஒரு நிமிஷம் சும்மா இருக்க விடமாட்டியா?"

கத்தட்டும். கத்துகிறவருக்கு இன்னும் ஏதோ வேண்டியிருக்கிறது.