தெரியாத எண்

அன்பு நஜாத்துக்கு அம்மான் நகரிலிருந்து ஸப்ரியின் ஸலாம். முட்டுவலி தேவலையா? அடுப்பு முன் ரொம்ப நேரம் நிற்காதே.

இங்கே சர்க்கரைக்காரர்கள் குழுவில் நோன்பு மாதத்துக்கு எங்களை இருவரிருவராகச் சேர்த்திருக்கிறார்கள். நண்பகலில் ஒருவரையொருவர் அழைத்துச் சர்க்கரை அளவு கேட்க வேண்டும். என் ஜோடி, தையல்காரர் அபூ லுத்ஃபி, தினமும் "நூத்திப்பத்து" என்பார். செவ்வாயன்று கடையிலேயே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், "விரல்ல குத்தினா நோன்பு முறிஞ்சிடும்னு அளக்கவே இல்லடா. வாய்க்கு வந்ததச் சொன்னேன்" என்று சிரிக்கிறார்!

பயப்படாதே, நான் குத்தித்தான் பார்க்கிறேன். இறுக்காத காலுறை இரண்டு ஜோடி அனுப்பு.

அவர் விழிக்கும்வரை ஊரிலிருக்கும் அவர் மனைவிக்குச் சொல்ல எங்களில் யாரிடமும் எண் இல்லை. இப்போது எல்லோரிடமும் வீட்டு எண் வாங்கிவிட்டார்கள். உன்னுடையதைக் கொடுத்திருக்கிறேன். தெரியாத எண் என்றால் நீ எடுக்கமாட்டாய். இனி எடு, நஜாத்.

ஸப்ரி