என்னத்துக்குப் பிரிகிறாய் என்று கேட்டவளுக்கு

போன சனிக்கிழமை எங்கள் தமிழ்ப் பாடசாலை அலுமாரியை ஒதுக்கித் துப்புரவாக்கினேன். கடைசித் தட்டில், கலைவிழாச் சேலைகளுக்கு அடியில், ஒரு சுவர்த்தாள் சுருள் கிடந்தது. விரித்ததும் பழம்பசையின் புளித்த மணம் முகத்தில் அடித்தது. உன்னுடைய அமெரிக்கா! உன் வீட்டுச் சுவருக்கு ஒட்டியது போக மிஞ்சிய தாளின் பின்பக்கத்தில் நீ வரைந்த வரைபடம். தெற்கு மாநிலங்களின்மேல் நீ ஒட்டிய மருந்துக்கடைப் பஞ்சு பழுப்பேறிப் பாதி உதிர்ந்துவிட்டது. "உது இன்னும் கிடக்கோ? பழைய பேப்பர்த் தொட்டிக்குள்ள போடுங்கோ அக்கா" என்றார்கள் கூட நின்ற இளம் ரீச்சர்மார். நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன். ஆத்திரம்தான் வந்தது.

கிழமை நாட்களில் நீயும் நானும் இந்த ஜேர்மன் ஊரின் முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்தோம். சனிக்கிழமைகளில் ரீச்சர்மார் ஆனோம். எனக்குக் கீழ் வகுப்பு, அரிச்சுவடி. உனக்கு மேல் வகுப்பு, வரலாறு. சமையலறை இடைவேளையில் எல்லோரும் வெளியே கதைக்கப் போக, நீ நூலகத்துப் புத்தகத்தைக் குழாய்க்குப் பின்னால் சாய்த்து வைத்து ஈரக் கையோடு வாசிப்பாய். "அமெரிக்காக் கதையை ஜேர்மன்காரன் எழுத, அதைத் தமிழில சொல்ல ஒரு யாழ்ப்பாணத்தாள் வேண்டிக்கிடக்கு" என்று சிரிப்பாய்.

பிறகு அந்தப் பெற்றோர் நாள். பிள்ளைகள், தாய் தகப்பன்மார், பாடசாலைத் தலைவர் அண்ணை எல்லோரும் மண்டபத்தில் இருந்தார்கள். சுருளை விரிக்காமலே நீ கேட்டாய். "ஒரு நாடு. தெற்குச் சனம், 'நாங்கள் பிரிஞ்சு தனிநாடாப் போறம்' எண்டுது. வடக்கு, 'விடமாட்டம், படை அனுப்புவம்' எண்டுது. நீங்கள் ஆர் பக்கம்? கையை உயர்த்துங்கோ."

ஊரை விட்டு ஓடிவந்த சனத்திடம் கேட்கிற கேள்வியா அது? தெற்குக்கு மண்டபம் முழுக்கக் கை உயர்ந்தது. தலைவர் அண்ணை இரண்டு கையையும் உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். "பிரியக் கேட்டவன் எப்பிடிப் பிழையாவான்?" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, கைதட்டல் வேறு.

அதன்பிறகுதான் நீ சுருளை விரித்தாய். பஞ்சைத் தொட்டுத் தொட்டுச் சொன்னாய். பருத்தி மண்ணைத் தின்னும் பயிர். ஒரு நிலம் சோர்ந்தால் மேற்கே அடுத்த நிலம் வேண்டும், அங்கே வேலை செய்ய விலைக்கு வாங்கிய மனிதர் வேண்டும். அந்த மேற்கு நிலமும் சும்மா கிடக்கவில்லை. முதற்குடிகளைத் துரத்தியும் மெக்சிக்கோவோடு போர் செய்தும் பிடித்தது. அதில் ஒவ்வொரு துண்டும் புது மாநிலமாகும்போது ஒரே சண்டை: இங்கே மனிதரை அடிமையாக வைத்திருக்கலாமா, கூடாதா? மிசூரியை அடிமை மாநிலமாகச் சேர்த்துக்கொண்டு, மேற்கே ஒரு கோடு கீறி, இதற்கு வடக்கே கூடாது என்று சமாளித்தார்கள். பிறகு அந்தக் கோட்டையும் அழித்து, குடியேறுகிறவர்களே வாக்குப் போடட்டும் என்றார்கள். கன்சாஸில் வாக்குப் பெட்டிக்கு முன்னால் துவக்கு ஏந்திய கூட்டம் வந்து நின்றது. கறுப்பு மனிதர் அந்நாட்டின் குடிகளே ஆக முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பெழுதியது. கட்சிகள் உடைந்தன, தேவாலயங்கள்கூட வடக்கு தெற்கு என்று பிரிந்தன. கடைசியில், அடிமைமுறை மேற்கே பரவக்கூடாது என்ற ஒருவர் ஜனாதிபதியாகத் தெரிவானார். உள்ளதை ஒழிப்பேன் என்றுகூட அவர் அப்போது சொல்லவில்லை. அதையே தாங்காமல் தெற்கு மாநிலங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின.

"மாநில உரிமைக்காகப் பிரிஞ்சவை எண்டு சொல்லுவினம்," என்றாய். "தப்பி ஓடின ஆக்களைப் பிடிச்சுத் தரவேணுமெண்டு வடக்கு மாநிலங்களையும் கட்டிப்போட்ட சட்டம் ஆருக்காக வந்தது? அப்ப வடக்கின்ர உரிமை எங்க போனது?"

அந்தச் சட்டம் எனக்கு விளங்கியிருக்க வேண்டும். வந்த புதிதில், அகதியாக ஏற்கச் சொல்லி நான் கொடுத்த அசூல் மனுவை மறுத்து, திருப்பி அனுப்பப் போகிறோம் என்று கடிதம் வந்தபோது, ஒரு பாதிரியார் தேவாலயத்துப் பின்னறையில் என்னை வைத்துக் காப்பாற்றினார். நீ பஸ் மாறி மாறிச் சோறு கொண்டுவந்தாய். "நானும் அந்த ஓடின அடிமை மாதிரித்தான்" என்று பிறகொரு நாள் உன்னிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். "எங்களை ஒருத்தரும் சந்தையில விக்கேல்லை. அந்தச் சொல்லை எங்களுக்கு எடுக்காத" என்றாய்.

மண்டபத்தில் ஒரு தகப்பன் எழும்பினார். "எங்களிட்டை அடிமையளோ இருந்தவை? எங்கட பிள்ளையளுக்கு ஏன் உந்தக் கதை?"

"ஓம், இருந்தவை. ஒல்லாந்தன் யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்துச் சட்டத்தில எங்கட அடிமையளைப் பற்றி எழுதியே கிடக்கு. அதை விடுங்கோ. உங்கட ஊர்க் கோயிலுக்குள்ள எல்லாரும் போனவையோ? கிணத்தில எல்லாரும் அள்ளினவையோ? பிரியிறது பிழை எண்டு நான் சொல்லேல்லை. என்னத்துக்குப் பிரியிறாய் எண்டு முதல் கேள் எண்டுதான் சொல்லுறன்" என்றாய்.

பாதிப்பேர் தேநீரும் குடிக்காமல் போனார்கள். அமெரிக்காவைச் சொன்னதற்காக ஒருவரும் கோபிக்கவில்லை, கிணற்றைச் சொன்னதற்காகத்தான் கோபித்தார்கள். அடுத்த கிழமை, நானும் இருந்த நிர்வாகம் கூடி, "பிள்ளைகளைக் குழப்பும் பாடம்" என்று எழுதி உன் வகுப்பைப் பறித்தது. ஐந்து கையெழுத்து. நாலாவது என்னுடையது. நிர்வாகத்தில் ஒருவரின் வீட்டோடு என் மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். இதுதான் காரணம், வேறு காரணம் இருந்தது என்று இனியும் பூசி மெழுக மாட்டேன். மற்றவர்களில் யாரும் உன்னைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்று உருளைக்கிழங்கு உரித்த நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை சமையலறையில் "எழுதேக்க கை நோகேல்லையோ?" என்று மட்டும் கேட்டாய். பிறகு வழமைபோல என் பங்குக் கிழங்கையும் உன் வாளிக்குள் போட்டுக்கொண்டாய். அதற்கப்பால் சாகும்வரை நீ அதைப்பற்றிக் கதைக்கவில்லை. ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போனால் நிர்வாகத்து மனிதர்கள் உன்னைக் கண்டதும் கடலைக் கடைப் பக்கம் திரும்புவார்கள். நீ அவர்களுக்கும் சேர்த்து வணக்கம் சொல்லிக்கொண்டு போவாய். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரியும்.

உன் இறுதிச் சடங்கில் தலைவர் அண்ணை மலர்வளையத்தோடு வந்து, "எங்கள் பிள்ளைகளின் வரலாற்றுக் கண்ணைத் திறந்த ஆசிரியை" என்று பேசினார். வெட்கம் கெட்ட பேச்சு! திறந்த கண்ணை யார் பொத்தியது? நான் முன்வரிசையில் கைகட்டி இருந்தேன். அன்றும் வாய் திறக்கவில்லை.

இப்போது ஆண்டு விழா மலர் வருகிறது. பிழை பார்க்க என்னிடம் தந்தார்கள். உன் படத்தோடு இரண்டு பக்கப் புகழ். அதற்கு அடுத்த பக்கத்தில் தலைவர் அண்ணையின் கட்டுரை. அதில் ஒரு வசனம்: "அமெரிக்காவின் தென் மாநிலங்களும் தம் உரிமைக்காகவே பிரிந்தன." அடிமை என்ற சொல் கட்டுரையில் எங்குமே இல்லை. அலுமாரி ஒதுக்கிய அதே பின்னேரம் கூட்டத்தில் அதை அவர் முன்னால் வைத்தேன்.

"அண்ணை, என்ன உரிமை எண்டு எழுதேல்லை."

"அது பெரிய கதை பிள்ளை. இடம் காணாது."

"மனிசரைச் சொத்தா வைச்சிருக்கிற உரிமை. ஒரு வரி காணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அவவும் உதைத்தான் கதைச்சவ. அண்டைக்கு நீங்களும்தானே கையெழுத்து வைச்சனீங்கள்?"

"ஓம், வைச்சனான். சம்பந்தம் குழம்பிப்போகுமெண்ட பயத்தில வைச்சனான். அது பிழை எண்டு நான் சொன்னதாக் கூட்டப் புத்தகத்தில எழுதுங்கோ. உந்த வசனத்தைத் திருத்தாட்டி அவவின்ர ரெண்டு பக்கத்தையும் எடுங்கோ. அவவின்ர படத்துக்குப் பக்கத்தில உந்தப் பொய் கிடக்க ஏலாது."

புதன்கிழமை மலர் அச்சாகி வந்தது. உன் இரண்டு பக்கத்தையும் எடுத்துவிட்டார்கள். வசனம் அப்படியே இருக்கிறது.

நிர்வாகத்திலிருந்து என் பெயரையும் எடுக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்துவிட்டேன். மகளுக்கு விசயம் தெரியும். மாமியார் வீட்டில் முகம் கோணும் என்றாள், கோணட்டும் என்றேன். அவளுக்கும் முதன்முறையாக அந்தக் கையெழுத்தைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

நீ இருந்தபோது நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உனக்கு ஒரு வகுப்பு மிஞ்சியிருக்கும். இப்போது சொன்னதால் உனக்கு இருந்த இரண்டு பக்கமும் போய்விட்டது. இந்த வெட்கத்தையும் ஆத்திரத்தையும் சுமந்துகொண்டுதான் திரிகிறேன். பிந்தித் திறந்த வாய் இது, இனி மூடுவதாக இல்லை.