ஐம்பது கேக்

அன்புள்ள அக்கா,

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வெப் டெவலப்மென்ட் பயிற்சியில் உன் கேக் வியாபாரத்துக்கு வெப்சைட் செய்தேன் அல்லவா? ஆர்டர் பகுதியைத் தனியாகச் சோதித்துப் பார்க்கப் பொறுமையில்லை. நேரே உன் வெப்சைட்டிலேயே ஐம்பது கேக், ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்று ஒரு பொய்ப் பெயரில் தட்டினேன். அழிக்க மறந்துவிட்டேன்.

நேற்று நீ கூப்பிட்டாய். "டேய் தம்பி, ஒரே ஆளு அம்பது கேக் கேட்டிருக்காருடா! இனிமே கடை வேலைக்கு வரலன்னு மொதலாளி மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டேன்!" பின்னால் மாமா, "மொதலாளியம்மா, எனக்கு ஒரு வேலை போட்டுக் குடுங்க" என்று கிண்டலடித்தார். நான் "சூப்பர்க்கா" என்றேன்.

அப்படி ஒருவர் இல்லை, அக்கா. மாவு கலக்காதே.

கடை முதலாளியிடம் நானே வந்து பேசி, உன் வேலையைத் திரும்பக் கேட்கிறேன். நீ வெளியே நின்றால் போதும்.

உன்,
அவசரக்குடுக்கை