இருபத்து மூன்று வயதில் சிப்பில் பிடித்தவளுக்கு

வமாந்த்லா,
ஜனவரி 11.

அன்பு மகள் யெசேனியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். இரண்டு பேர் என்று எழுதியது தப்பு, இரண்டே முக்கால் பேர் சுகம். அந்த முக்கால் ஆள்தான் எங்கள் இருவரையும்விடச் சுகம். வேளாவேளைக்குத் தூக்கம், மிச்ச நேரமெல்லாம் என் விலாவில் உதை. உன் சுகத்துக்குப் பதில் எழுது என்று கேட்கமாட்டேன். பேஸ்புக்கில் பார்த்துவிட்டேன், கடற்கரையில் ஒரு தட்டு மீனை முன்னால் வைத்துக்கொண்டு முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறாய். போனை எடுக்க மட்டும் விரல் வலிக்கிறது போலிருக்கிறது. ஏழு வாரமாக நான் கூப்பிடுவதும் அது அடித்து ஓய்வதுமாக இருப்பதால்தான் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது பார். கிழித்துப் போடலாம், ஆனால் என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்க்காமல் கிழிக்கிற பிள்ளை இல்லை நீ. கேட்கப் போவதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன்: 29ஆம் தேதி எனக்குப் பிரசவம், அதற்கு முன்னால் வந்து சேர். முடியாது என்றால் முடியாது என்றாவது சொல். இந்த வாய்மூடி விரதத்தை மட்டும் விடு.

நவம்பரில் விஷயத்தைச் சொன்னபோது நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? எனக்கு எழுத்துப் பிசகாமல் இருக்கிறது. "இந்த வயசுல உங்களுக்கு வெக்கமா இல்லையாம்மா? என்கூடப் படிச்சதுங்கல்லாம் பிள்ள பெத்துக்கற நேரத்துல எனக்குத் தம்பி பொறக்கப் போறானா? வெளியில நான் எப்படி மூஞ்சியக் காட்டறது?" என்றாய், போனை வைத்தாய். அம்மாடி, டிஹுவானாவில் அத்தனை லட்சம் ஜனத்தில் உன் மூஞ்சியையும் என் வயிற்றையும் சேர்த்து வைத்துப் பார்க்க யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? வெட்கப்பட வேண்டியவள் நான். தினம் காலை ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு தமால் விற்கிறவள் நான். இதையும் கேள், நாங்கள் திட்டம் போட்டு இதைச் செய்யவில்லை. எனக்கு மாதம் தள்ளிப் போனதும் உன் அத்தை சோகோரோ, தான் என்னவோ பெரிய டாக்டர் மாதிரி, "நிக்கிற வயசு வந்துடுச்சு எல்விரா, இனிமே நீயும் என்னய மாதிரிதான்" என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லி ஒரு கசாயம் கொடுத்தாள். நாலு மாதம் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். ஐந்தாவது மாதம் அந்தக் கசாயம் உள்ளே இருந்து என்னை உதைத்தது. உனக்குப் பிறகு எனக்கு மூன்று கலைந்தது, யெசி. நீ சின்னப் பிள்ளை, உன்னிடம் சொன்னதில்லை. அம்மாவுக்கு வயிற்றுவலி என்று உன்னை அத்தை வீட்டில் விடுவோமே, அதெல்லாம் அதுதான். முப்பத்தைந்து வயதில் ஆசையை விட்டுவிட்டேன். நாற்பத்து நாலில் கேட்காமல் வந்து நிற்கிறதை வேண்டாம் என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

சரி, வியாபாரச் செய்திக்கு வருகிறேன். உன் கோபம் என் பானைக்கு வந்து சேர்ந்துவிட்டது. டிசம்பர் முதல் வாரத்திலிருந்து தமால் வேகமாட்டேன் என்கிறது. அதே சோளமாவு, அதே கொழுப்பு, மாவைப் பொதிய அதே சோளமட்டை, இரண்டு மணி நேரம் ஆவியில் இருந்தும் பிரித்துப் பார்த்தால் ஒரு பக்கம் வெந்து ஒரு பக்கம் களி. ஒரு டிரைவர் கடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இத நான் திங்கிறதா, இல்ல டயருக்கு ஒட்டுப் போடறதா?" என்று பஸ் ஸ்டாண்டே கேட்கக் கேட்டான். உன் அத்தைக்கு வாய்க்கு அவல் கிடைத்தாயிற்று. "பிள்ளத்தாச்சி பானகிட்ட நின்னா எப்படி வேகும்? அதுவும் இந்த வயசுல" என்றாள். அந்த 'இந்த வயசுல' என்பதை உப்பு மாதிரி எல்லாவற்றிலும் போடுகிறாள். பரிகாரமும் அவளே சொன்னாள். பானையின் இரண்டு காதிலும் சோளமட்டையை முடிச்சுப் போட்டுக் கட்டினேன், வேகவில்லை. பிறகு வீட்டு ஆம்பிளை பானைக்கு முன்னால் ஆட வேண்டும் என்றாள். உன் அப்பாவை உனக்குத் தெரியும், வேன் ஓட்டி ஓட்டி முழங்கால் போய்விட்டது, கல்யாணத்தன்றே ஆட மாட்டேன் என்று கழிப்பறையில் ஒளிந்தவர். அந்த மனுஷர் விடியற்காலையில் விளக்குமாற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் சுற்றிச் சுற்றி ஆடுகிறார். பக்கத்து வீட்டில் நாற்காலி போட்டு ஏறி நின்று சுவருக்கு மேலாகப் பார்க்கிறார்கள். நான் சிரித்துச் சிரித்து அங்கேயே நனைந்துவிட்டேன், இந்த மாதத்தில் அதெல்லாம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அன்றைக்குப் பாதிப் பானை வெந்தது. மீதிப் பாதியை அவர் ஆட்டத்தின் தரத்துக்குத் தண்டனை என்று வைத்துக்கொண்டோம்.

மருத்துவச்சி எவோதியாவிடம் வாரம் ஒருமுறை வயிறு நீவிக்கொள்ளப் போகிறேன். போன தடவை பானைக் கதையைச் சொன்னேன். அவள் நீவிக்கொண்டே, "பானைக்கு ஒண்ணுமில்ல, வீட்டுல யாரோ கோவமா இருக்காங்க, கோவம் இருக்கற வீட்டுல மாவு வேகாது. யாரு?" என்றாள். உன் அப்பாவுக்குக் கோபப்படத் தெரியாது, எனக்கு நேரமில்லை, அதனால் மூத்தவள்தான் என்றேன். "மூத்தது அழுவுதா?" என்று கேட்டாள். அழவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறது என்றேன். "சாப்பிடுதா?" மீன் சாப்பிடுகிறது என்றேன். "பேசுதா?" ஏழு வாரமாகப் பேச்சில்லை என்றேன். உடனே கையை எடுத்துவிட்டாள். "அட, இது சிப்பில்தாண்டி! தாய் வயித்துல அடுத்தது வந்தா மூத்ததுக்குத் தெரிஞ்சு போயிடும், நச்சரிக்கும், வீம்பு பண்ணும். செவப்புத் துணியில ஒரு பாவாடை தைச்சுப் போடு, மடியில வெச்சு ஊட்டி விடு, ஒரு வாரத்துல சரியாயிடும். வயசென்ன, ரெண்டா மூணா?" என்றாள். இருபத்து மூன்று என்று நான் சொன்னதும் வெளியே பெஞ்சில் காத்திருந்த கர்ப்பிணிகள் ஐந்து பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கே அங்கேயே எல்லோருக்கும் பிரசவம் ஆகிவிடுமோ என்று பயந்துபோனேன். எவோதியா மட்டும் சிரிக்கவே இல்லை. "சிப்பிலுக்கு வயசெல்லாம் தெரியாது. துணி மட்டும் கூட எடு" என்றாள். எடுத்தோம். உன் அப்பாவே கடைக்குப் போய் நிறம் பார்த்து வாங்கினார், நானே தைத்தேன், இடுப்பு அளவு மறந்துபோனதால் எலாஸ்டிக் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தோடு பொட்டலத்தில் அதுவும் இருக்கிறது. ஆபீசுக்குக் கட்டிக்கொண்டு போ என்று சொல்லவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் போட்டுக்கொள். மடியில் வைத்து ஊட்டுவதற்கு நீ இங்கே வந்தால்தான் உண்டு, மடியில் இப்போது இடம் கொஞ்சம் நெருக்கடி.

ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு அத்தை வீட்டில் வளையரொட்டி வெட்டினார்கள். உன் நாற்காலியில் கோட்டுகளைப் போட்டிருந்தார்கள், அதையும் எழுதிவைக்கிறேன். ரொட்டிக்குள் இருக்கும் குழந்தைப் பொம்மை யாருக்கு வருகிறதோ அவர்கள்தான் பிப்ரவரி இரண்டாம் தேதி எல்லோருக்கும் தமால் போட வேண்டும் என்பதால் அவரவர் துண்டை விரலால் குத்திக் குத்திப் பார்த்தார்கள். என் துண்டில் கத்தி டக்கென்று இடித்தது. அத்தை எட்டிப் பார்த்து, "வயித்துல ஒண்ணு, ரொட்டியில ஒண்ணா? ஆண்டவர் இவளுக்கு மட்டும் எதுக்கு இவ்வளவு தாராளம் பண்றார்?" என்று கத்துவதற்குள் உன் அப்பா கையை நீட்டி என் துண்டை அப்படியே வாயில் போட்டுக்கொண்டார். எனக்கு வேலை வராமல் காப்பாற்றுகிறாராம். பொம்மையைக் கன்னத்தில் ஒதுக்கி வைக்கலாம் என்று பார்த்தவருக்கு இருமல் வந்து, பொம்மை உள்ளே போய்விட்டது. நாலு பேர் முதுகில் அடித்தும் வரவில்லை. இப்போது இந்த வீட்டில் இரண்டு பேர் வயிற்றில் பிள்ளை. அவருக்குச் சுகப்பிரசவம் மூன்றாம் நாள் ஆனது, தாயும் சேயும் நலம். அத்தை பின்வாங்கவில்லை, விழுங்கினாலும் பொம்மை பொம்மைதான், தமால் போட்டே ஆக வேண்டும் என்று சாதிக்கிறாள். வயிற்றைக் கீறிய நாலாம் நாள் நான் நாற்பது பேருக்கு மாவு பிசைய வேண்டுமாம்.

உன் அறையைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். உன் அறை அப்படியே இருக்கிறது, உன் செருப்புகூடக் கட்டிலுக்குக் கீழே நீ விட்டுப்போன கோணலில் கிடக்கிறது, கூட்டும்போது எடுத்துவிட்டுத் திரும்ப அதே கோணலில் வைக்கிறார் உன் அப்பா. எனக்குத் தெரியாது என்று நினைப்பு. மொட்டைமாடியிலிருந்து உன் தொட்டிலை இறக்கிப் பச்சைப் பெயின்ட் அடித்தார். மேல் கட்டையில் ஓரிடத்தை மட்டும் விட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டால், உனக்குப் பல் முளைத்தபோது நீ கடித்த தடமாம், அதன் மேல் அடிக்க மாட்டாராம். பார்க்கத் தேமல் மாதிரி இருக்கிறது. சாயங்காலம் வேனைக் கழுவும்போது போனை வாளிக்குப் பக்கத்தில் ஒரு கல் மேல் வைத்துக்கொண்டு கழுவுகிறார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்வதில்லை, அதனால்தான் அவர் பங்கையும் சேர்த்து நானே சொல்ல வேண்டியிருக்கிறது. நீயும் அங்கே குளிரில் ஸ்வெட்டர் போடாமல் மீன் தின்று சளி பிடித்துக்கொள்ளாதே. ஈரத் தலையோடு படுக்காதே, பத்து வருஷமாகச் சொல்கிறேன்.

இனி கடைசிச் செய்தி. வெள்ளிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் உன் வயதுப் பெண். ரத்தக் கொதிப்பு ஏறிக்கொண்டே போகிறது, வலி வரும்வரை விட முடியாது, 29ஆம் தேதி காலையில் கீறி எடுத்துவிடலாம் என்றாள். பிறகு என்னை உடை மாற்றச் சொல்லிவிட்டு உன் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். அவர் வெளியே வந்து, "ஒண்ணுமில்ல, எல்லாருகிட்டயும் சொல்றதுதான்" என்றார். பொம்மையை வாயில் ஒளிக்கத் தெரியாதவருக்கு இதையா ஒளிக்கத் தெரியும்? முகத்தில் சொட்டு ரத்தமில்லை. நான் திரும்ப உள்ளே போய், எனக்கே சொல்லுங்கள் என்று கேட்டேன். சொன்னாள். முன்பு மூன்று கலைந்தது, வயது, இந்தக் கொதிப்பு, இதனாலெல்லாம் ஆபரேஷன் மேசையில் ரத்தம் நிற்காமல் போகலாம் என்றாள். நல்லபடியாக முடிந்துவிடும் என்றும் சொன்னாள், நல்ல பெண். நர்ஸ் ஒரு தாள் கொண்டுவந்தாள். தாய்க்கு ஏதாவது ஆனால் பிள்ளைக்குப் பொறுப்பு யார், கணவரைத் தவிர இன்னொரு பெயர் வேண்டும் என்றாள். எங்களோடு வந்திருந்த உன் அத்தை அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். நான் உன் பெயரைச் சொன்னேன். நர்ஸ் உன் நம்பரை எழுதிக்கொண்டு, "தூரமா இருக்காங்களே, கூப்பிட்டா எடுப்பாங்களா?" என்றாள். உடனே எடுப்பாள் என்றேன். அவளுக்கு என்ன தெரியும், தாளில் எழுதிக்கொண்டாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது, யெசி. இதைச் சொல்ல முடியாமல்தான் இவ்வளவு பக்கம் வாயடித்தேன். உன் அப்பாவிடம் சொன்னால் அவர் தாங்க மாட்டார், அத்தையிடம் சொல்வதற்குப் பானையிடம் சொல்லலாம். எனக்கு இருக்கிறது நீ ஒருத்திதான்.

தயவின் மாதா உனக்குத் துணையிருக்கட்டும், நீ தொட்டது நல்லபடியாக நடக்கட்டும், உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் உன்னை அண்டாமல் போகட்டும். மறக்காமல் ஒன்று செய். என் நம்பரை எடுக்காமல் இருந்து பழகிவிட்டாய், இருக்கட்டும். 29ஆம் தேதி உனக்குத் தெரியாத ஒரு நம்பரிலிருந்து மணி அடித்தால், அதை மட்டும் எடு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா எல்விரா