குண்டானுக்குள் கூழாங்கல்

அக்கா,

இன்று காலை வாசல் பெருக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து தண்ணீர் வற்றிய குண்டானின் வாடை வந்தது. சோறு தீய்ந்தால் ஒரு வாடை, பால் தீய்ந்தால் ஒரு வாடை. வெறும் அலுமினியம் நெருப்பில் காய்கிற வாடை வேறு. நாக்கின் அடியில் கசக்கும். விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடினேன். கலியாணமாகி வந்த புதுப்பெண் அடுப்பின் முன் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். குண்டான் வாயில் கட்டிய துணி பொசுங்கி, அதன்மேல் வைத்த கொழுக்கட்டையெல்லாம் பழுப்பேறியிருந்தது.

"அளவாத்தான் தண்ணி ஊத்தினேன் பெரிம்மா" என்றாள்.

"மூணு கூழாங்கல்லத் தண்ணிக்குள்ள போட்டுக்கோ. கொதிக்கிற வரைக்கும் கடகடன்னு ஆடிக்கினே இருக்கும். சத்தம் நின்னுச்சின்னா தண்ணி வத்திப்போச்சின்னு அர்த்தம்" என்றேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பொட்டலத் தாள்களை எழுத்துக்கூட்டிப் படித்தே கற்றுக்கொண்ட எழுத்து இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் மலைமேல் அந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்தபோது நீ மூத்தவளாக வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. வயிற்றில் வந்த பிள்ளை எதுவும் உனக்குத் தங்கவில்லை. அவிப்பது உன் வேலை. கேழ்வரகுப் புட்டு, சாமைக் கொழுக்கட்டை, மொச்சை, வள்ளிக்கிழங்கு எல்லாம் உன் கையால்தான். ஆனால் குண்டான் அடிக்கடி தீய்ந்தது. உள்ளே கல் கிடக்கும், ஆடி ஓய்ந்திருக்கும், நீ பக்கத்திலேயே முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருப்பாய்.

"இன்னொரு தபா தீஞ்சிச்சின்னா உன் அண்ணன் வூட்டுக்கே போய்டு. நான் வேற ஒருத்தியக் கட்டிக்கினு வர்றேன்" என்று மாமா சொன்னார். உன் புருஷன் வேடிக்கைக்குப் பேசுகிற ஆள் இல்லை. உன் அண்ணன் வீட்டிலோ உனக்குப் படுக்க இடமில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

அதன்பிறகு நீ செய்ததையெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். தண்ணீரைக் கழுத்துவரை ஊற்றினாய். அது கொதித்துத் துணிக்கு மேலே ஏறி, புட்டு கூழாகிவிட்டது. அளவைக் குறைத்தாய், ஆனால் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க ஓயாமல் மூடியைத் திறந்தாய். ஆவி போய்விட்டது, கொழுக்கட்டை நடுவில் வெள்ளையாக மாவாகவே நின்றது. திறக்கிற அவசரத்தில் மூடியை உன் பக்கமாகவே சாய்த்துத் தூக்குவாய். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் உரிந்து கிடந்தது. இரண்டு தடவை அடுப்பேற்றப் பயந்து, எல்லாவற்றையும் ஒரே தடவையில் நெருக்கி அடைத்து வைப்பாய். ஆவிக்கு வழியில்லாமல் கீழ்வரிசை குழைந்து, மேல்வரிசை வேகாமல் போகும்.

"இத்தினி வருசமா அவிக்கிறா, கை வரல பாரு" என்பார் அத்தை. பக்குவம் தெரியாமல் செய்கிறாய் என்றுதான் நானும் நினைத்தேன். அத்தனையும் பயத்தில் செய்தது. பயந்தவள் கைக்கு எந்தப் பக்குவமும் நிற்காது.

பிறகு திடீரென்று எல்லாம் சரியாகிவிட்டது. குண்டான் தீயவில்லை, புட்டு பொலபொலவென்று வந்தது. அடுப்பங்கரையில் நீ வேலை செய்யும்போது யாரையும் உள்ளே விடுவதில்லை. அத்தைகூட, "மூத்தவளுக்கு இப்பத்தான் புத்தி வந்திச்சி" என்று சொன்னார்.

ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள் வந்தது. படைப்பதற்குச் சாமைக் கொழுக்கட்டை அவிந்துகொண்டிருந்தது. நான் வெளியே உட்கார்ந்து, ஊரார் கொடுத்த தானியத்துக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். உள்ளே அத்தை போட்ட கூச்சலில் எழுந்து ஓடினேன்.

நீ அடுப்பின் முன் குந்தியிருந்தாய். களி கிண்டுகிற மரத் துடுப்பின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, மறு நுனியைக் குண்டானின் விளிம்பில் ஊன்றியிருந்தாய். கண் மூடியிருந்தது.

"அடிப்பாவி! சாமிக்கு வெக்கறதுக்கு முன்னாடி வாயில வெச்சிக்கினு கீறாளே! எச்சி பண்ணிட்டாளே!" அத்தை உன் முடியைப் பிடித்து இழுத்த பிறகுதான் கண்ணைத் திறந்தாய். மாமா வந்தார். ஊரில் பாதி வாசலில் நின்றது.

நீ எல்லோருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்தாய். பிறகு, எப்போதும்போல மெல்லிய குரலில் சொன்னாய்: "எச்சி பண்ணல அத்தை. எனக்குக் காது கேக்கல. கல்லு ஆடறது பல்லுலதான் தெரியுது."

காது கேட்காதவர்கள் கத்திப் பேசுவார்கள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். நீயோ யாரைவிடவும் மெதுவாகப் பேசுவாய். உன் குரல் மட்டும் உன் மண்டைக்குள்ளேயே உரக்கக் கேட்குமாம். வயிற்றில் வந்த ஒவ்வொரு பிள்ளையும் போகும்போது காதிலும் கொஞ்சம் போனது என்று பின்னால் சொன்னாய். வாயசைவைப் பார்த்தே அத்தனை வருடம் ஓட்டியிருக்கிறாய்.

கொழுக்கட்டையை மாட்டுக்குக் கொட்டினார்கள். வேறு மாவு பிசைந்து நான் அவித்தேன். உன்னை அனுப்பிவிடுவார்கள் என்று நீ துணியெல்லாம் மூட்டை கட்டி வைத்திருந்தாய்.

மாமா மூட்டையைக் காலால் தள்ளினார். "கள எடுக்கறதுக்குக் காது எதுக்கு? கெடக்கட்டும்" என்றார்.

அனுப்பவில்லை. வைத்துக்கொண்டார்கள். அதோடு உன்னிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டார்கள். முகத்தைக் காட்டிச் சொன்னால் உனக்குப் புரியும் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "செவுட்டுகிட்ட வாய வலிச்சிக்கினு நிக்கணுமா?" என்றார் அத்தை. உன்னைக் கூப்பிட வேண்டுமென்றால் முதுகில் ஒரு பொடிக்கல்லை எறிவார்கள். நீ திரும்புவாய். கையைக் காட்டுவார்கள். நீ போய்ச் செய்வாய். உன் பெயர் அந்த வீட்டில் இல்லாமல் போனது.

எல்லோரும் புளி உலுக்கப் போயிருந்த ஒரு நாள், துடுப்பின் ஒரு நுனியை உன் பல்லில் கொடுத்து, மறு நுனியை என் தொண்டையில் வைத்து அழுத்திக்கொண்டு, "அக்கா, கேக்குதா?" என்றேன்.

உன் கண் விரிந்தது. துடுப்பை எடுத்துவிட்டுச் சிரித்தாய். "நீ வந்த நாள்லேர்ந்து உன் வாயத்தான் பாத்துக்கினு கீறேன். கொரலு இன்னிக்குத்தான் கேக்கறேன். இன்னா இப்பிடிக் கீச்சிக்கீச்சின்னு கீது, கோழிக்குஞ்சு மாதிரி?" சிரித்துக்கொண்டே அழுதாய். அதன்பிறகு ஆள் இல்லாதபோதெல்லாம் பேசினோம். அம்மன் பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்பாய். என் தொண்டையில் துடுப்புப் பட்ட இடம் கன்றிப் போகும்.

நான் என் அம்மா வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போயிருந்த மழைக்காலத்தில் உன் காலில் மண்வெட்டி பட்டது. யாரும் கேட்கவில்லை, நீயும் யாரிடம் சொல்வாய்? கந்தலைச் சுற்றிக்கொண்டு சேற்றில் இறங்கியிருக்கிறாய். நான் கைக்குழந்தையோடு திரும்பி வந்தபோது, புண்ணில் ஜன்னி கண்டு உன் தாடை இறுகிப் பூட்டிக்கொண்டிருந்தது. ஜீப் பிடித்துக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"தொடக் கூடாது. சத்தமும் போடக் கூடாது. சின்னச் சத்தம் கேட்டாலும் உடம்பு இழுக்கும்" என்றார் நர்சம்மா.

"சத்தத்துக்கு இன்னா கவல? இது செவுடு" என்றார் அத்தை.

தொட்டால் நீ வில்லாக வளைந்தாய். அதனால், கூடவே எடுத்து வந்திருந்த துடுப்பை உன் பல்லில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. முகத்துக்கு நேரே குனிந்து, "நான் இங்கதான் கீறேன்" என்று வாயை மட்டும் அசைத்தேன். உன் கண் என் உதட்டிலேயே இருந்தது. புரிந்ததா என்று தெரியவில்லை.

உயிர் போன பிறகு உன்னை மலைக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது அத்தை மாரில் அடித்துக்கொண்டு உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மாமாவும் கூப்பிட்டார். ஊரே கூப்பிட்டது. ஏந்திரு, ஒரு வார்த்த பேசு என்று உன் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கத்தினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அத்தனை பேரையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து யாரிடம் பேசுவதானாலும் எதிரே போய் நின்று முகம் பார்த்துத்தான் பேசுகிறேன். அம்மன் சன்னதியிலும் அப்படியே, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொல்கிறேன். அவளுக்குக் காது கேட்கும் என்றுதான் நம்புகிறேன், அக்கா. ஆனால் நீ அந்த வீட்டில் எத்தனை வருடம் அவளைக் கூப்பிட்டிருப்பாய், அந்த மெல்லிய குரலில்.