இரண்டாவது பிரேக்

ஜனவரி 9

ஹாரனுக்கு,

உன் அண்ணன் உனக்கு வைத்த பட்டப்பெயரால்தான் கூப்பிடுகிறேன். எரிச்சலாக இருந்தால் இருக்கட்டும். போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். கடிதமென்றால் கிழிப்பதற்காவது கையில் எடுப்பாய் அல்லவா?

நீ முழுகாமல் இருப்பதாக உன் வீட்டுக்காரர் சொன்னார். ஐந்தாம் மாதமாம். உன் அண்ணன் போன இந்த மூன்று வருடத்தில் நான் கேட்ட முதல் நல்ல சேதி. வயிற்றைத் தூக்கிக்கொண்டு இன்னமும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாயாம். நீ பக்கத்தில் உட்கார்ந்து போடும் கூச்சலில் அந்தக் குழந்தை லைசென்ஸோடு பிறக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஹெபடைடிஸ் பி வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அதைச் செய்துகொள். உன் அண்ணனுக்குக் கல்லீரலில் வந்த புற்றுநோய் அந்த வைரஸால் வந்தது. பெரும்பாலும் பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வரும். முப்பது நாற்பது வருடம் வாயைத் திறக்காமல் ஈரலில் குடியிருக்கும். என் வேலையே இதுதான் என்பது உனக்குத் தெரியும். ஈரல் புற்றுநோய் வந்தவர்களின் கூடப்பிறந்தவர்களைத் தேடிப் போய், வீடு வீடாக ரத்தம் எடுத்துப் பார்க்கிறோம். ஒருவருக்கு இருந்த வீட்டில் அவருடைய அண்ணன் தம்பிக்கும் அக்கா தங்கைக்கும் இருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். உனக்கு இருந்தால் உன் பிள்ளைக்கும் போகும். முன்கூட்டியே தெரிந்தால் தடுத்துவிடலாம்.

குடிக்கவே குடிக்காத அவரைக் குடித்தார் என்று நீங்கள் எல்லோரும் பேசியதைப் பற்றி இதில் எழுதவில்லை. அதற்குத் தனியாக, கோபமாக, ஒரு கடிதம் எழுதுவேன்.

உன் அண்ணி


ஜனவரி 20

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை, அதோடு திருப்தி அடையுங்கள்.

ஊரில் உள்ள ஈரலையெல்லாம் கணக்கெடுக்கிற உங்களுக்குப் பக்கத்துத் தலையணையில் இருந்தவர் ஈரல் தெரியாமல் போயிற்று. இப்போது என் ரத்தம் வேண்டும். உங்கள் ஆய்வுக் கட்டுரைக்கு ஆள் குறைகிறதா? அன்றைக்குச் சாவு வீட்டில் சித்தி எல்லோர் காதிலும் விழத்தானே சொன்னாள்? "குடிச்சுக் குடிச்சே போய்ட்டான். பொண்டாட்டி மூடி மறைக்கிறா." நானும் அதைத்தான் நம்புகிறேன். வைரஸ் என்று சொல்லிக்கொண்டால் கௌரவமாக இருக்கிறது, அவ்வளவுதானே. செத்துப்போன எங்கள் அம்மாவையும் இதில் இழுக்காதீர்கள்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. காலையிலிருந்து மாலை வரை பிறத்தியார் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். உங்களால் முடியுமா?

அவருடைய தங்கை


ஜனவரி 28

ஹாரனுக்கு,

பதில் போட்டாயே, அதுவே பெரிது.

எங்கள் ஆய்வில் ஒரு விதி உண்டு. வேலை செய்பவர்களின் குடும்பத்தார் யாரையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. சொந்தக்காரர்கள் வந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதற்காக வைத்த விதி. ஆக, உன் ரத்தத்தால் என் ஆய்வுக்குக் கடுகளவு லாபமில்லை. நீ எங்கே வேண்டுமானாலும் போய்ப் பார்த்துக்கொள், முடிவை எனக்குச் சொல்லக்கூட வேண்டாம். அண்ணியாகத்தான் கேட்கிறேன்.

உன் அம்மாமேல் எனக்கு எந்தப் பழியும் இல்லை. தனக்கு இருந்ததே அவருக்குத் தெரிந்திருக்காது. அவருக்குக் கொடுத்தவருக்கும் தெரிந்திருக்காது.

பக்கத்துத் தலையணை என்று எழுதியிருக்கிறாய். அது சுருக்கென்று தைத்தது. பரிசோதனைக்கு வரச் சொல்லி அவரையும் கேட்டேன். "உன் ஊசியை ஆபீசோட விட்டுட்டு வா" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அந்தக் கோபத்தை என்மேல் வைத்துக்கொள், நியாயம்தான். குழந்தைமேல் வைக்காதே. இந்தத் தடவை நான் விடுவதாக இல்லை.

உன் காரில் உன் பக்கமும் ஒரு பிரேக் இருக்கிறதே, கற்றுக்கொள்பவன்மேல் நம்பிக்கை இல்லாமலா வைத்தார்கள்? அது இருப்பதால்தானே நீ தைரியமாகக் கடைத்தெருவுக்குள் வண்டியை விடச் சொல்கிறாய். அதே மாதிரிதான் இந்தப் பரிசோதனையும்.

உன் அண்ணி


பிப்ரவரி 11

அண்ணிக்கு,

பார்த்தேன். இருக்கிறது.

முடிவை வாங்கிக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தேன். எந்தக் கியர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. உங்களைத் திட்டிக்கொண்டே இருந்தேன், அதுதான் பழக்கமாக வந்தது. அப்புறம் வயிற்றுக்குள் உதைத்தது.

இப்போது என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்.

ஹாரன்


பிப்ரவரி 15

ஹாரன் கண்ணு,

பயப்படாதே என்று சொல்ல மாட்டேன். சொன்னாலும் நீ கேட்கப் போவதில்லை. வேலை சொல்கிறேன்.

வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்கச் சொல். அதிகமிருந்தால் கடைசி மாதங்களில் தினம் ஒரு மாத்திரை கொடுப்பார்கள். பிறந்தவுடனே குழந்தைக்கு இரண்டு ஊசி: ஒன்று தடுப்பூசி, இன்னொன்று அது வேலை செய்யத் தொடங்கும்வரை காவல் காப்பது. நாளைக்குப் போடலாம், ஞாயிற்றுக்கிழமை கழித்துப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. உன் ஆஸ்பத்திரி பைலின் மேலட்டையிலேயே பெரிதாக எழுதி வை. டாக்டரிடம் சொல், நர்ஸிடம் சொல், பெருக்க வருகிறவரிடமும் சொல். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். உனக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரலுக்கு ஸ்கேன், ஆயுசுக்கும். இதையெல்லாம் செய்தவர்களின் பிள்ளைகள் நன்றாக இருப்பதை என் கண்ணால் எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். உன் பிள்ளையும் இருக்கும்.

'இருக்கிறது' என்று நீ எழுதிய அந்த ஒரு வார்த்தையைப் படித்துவிட்டு நானும் அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் அண்ணி


ஜூன் 20

அன்புள்ள அண்ணிக்கு,

பெண் குழந்தை. "முதல்ல ஊசி, அப்புறம்தான் முகம்" என்று நான் கத்த, "கையில வச்சுக்கிட்டுதாம்மா நிக்கிறேன், கொஞ்சம் மூச்சு விடுங்க" என்றாள் நர்ஸ். இரண்டும் போட்டாயிற்று. பக்கத்தில் நின்று பார்த்த என் வீட்டுக்காரருக்குத்தான் மயக்கம் வந்தது. ஒரு வயசு ஆவதற்குள் குழந்தைக்கு ரத்தம் பார்ப்பார்களாம். அன்றைக்கு நீங்கள்தான் மடியில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

குழந்தை பார்க்க வந்த அம்மா வழிச் சொந்தம் ஒருவரையும் நான் சும்மா விடவில்லை. ரத்தம் கொடுக்காதவர்களுக்குக் குழந்தை கையில் கிடையாது என்றேன். தொட்டால் ஒட்டாது என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் சொன்னேன். ஆனாலும் என் வீட்டில் என் சட்டம். உங்கள் ஆய்வில்தான் குடும்பத்தாருக்கு இடமில்லை, என்னுடையதில் குடும்பத்தார் மட்டும்தான்.

அம்மாவோடு பிறந்த சித்திக்கும் இருக்கிறது. ஸ்கேனில் திராட்சை அளவுக்கு ஒரு கட்டியும் தெரிந்தது. சீக்கிரம் பிடித்துவிட்டீர்கள், அறுத்து எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை ஆபரேஷன்.

திரும்பி வரும்போது காரில் அழுதாள். "ஒரு சொட்டு வாயில வச்சதில்லையேடி நான். எனக்கு ஏன்டி வந்துச்சு?"

ஓரமாக வண்டியை நிறுத்தினேன். "அண்ணனும்தான் வச்சதில்ல சித்தி" என்றேன்.

சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், "அவ வருவாளாடி?" என்று கேட்டாள். உங்களைத்தான்.

இந்த மூன்று வருடமும் அண்ணனை நினைத்து அழும்போதெல்லாம் அவன்மேல் கோபமும் கூடவே வந்தது. அன்றைக்குத்தான், அந்தச் சாலை ஓரத்தில், கோபமில்லாமல் அவனுக்காக அழுதேன்.

ஒரு கோபக் கடிதம் பாக்கி வைத்திருக்கிறீர்களே, அதை எழுத வேண்டாம். நேரில் வந்து திட்டுங்கள். சித்தியும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். மாடியறையைக் கூட்டி வைத்துவிட்டேன்.

உங்கள் ஹாரன்

பி.கு.: போனில் உங்கள் எண்ணுக்குப் போட்ட தடையை எடுத்துவிட்டேன். எடுத்து ஐந்து நிமிடமாகிறது. இன்னும் ஏன் கூப்பிடவில்லை?