இன்று ஸ்கூட்டர் வேண்டாம்

என்னங்க,

வாசலில் நின்று ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்திருப்பீர்கள். நான் சைக்கிளிலேயே தையற்கடைக்குக் கிளம்பிவிட்டேன். டாக்டர் போன வாரமே சரி சொல்லிவிட்டார். நேற்று நீங்கள் இரவு வேலைக்குப் போனபின் தெருவில் ஓட்டியும் பார்த்தேன். மணிக்கட்டு வலிக்கவில்லை.

முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். துரைக்கும் சோறு வையுங்கள். சைக்கிளைக் கண்டதும் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. விழுந்தது நான், முகத்தைத் தூக்கி வைத்திருப்பது நாய்!

"நான்தான் கொண்டுபோய் விடுறேன்ல, உனக்கென்ன குறைச்சல்?" என்று நேற்று கத்தினீர்களே, எனக்கொரு குறையும் இல்லை. இரவெல்லாம் விழித்துவிட்டு, கண் எரிய எரிய என்னை ஏற்றிக்கொண்டு போகிறீர்களே, அதுதான் பொறுக்கவில்லை. அன்று கேட்டைத் தாழிட மறந்தீர்கள். என்னைப் பார்த்த சந்தோஷத்தில் துரை ஓடிவந்து என் சைக்கிள் சக்கரத்தில் விழுந்தது. அவ்வளவுதான். அதற்காக ஆயுசுக்கும் எனக்கு டிரைவராக இருப்பீர்களா? மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபமே வராதபோது எதை மன்னிப்பது?

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி

பி.கு.: கேட்டுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட நீங்கள் வரச்சொன்ன வெல்டிங்காரரை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். இருக்கிற ஒன்று போதும்.

இன்னொன்று: கடைக்குப் போனதும் போன் செய்ய மாட்டேன், தூக்கம் கெடும். பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று இப்போதே எழுதி வைக்கிறேன். நம்பித் தூங்குங்கள்.